எந்தக் கதவை முதலில் திறப்பது?

2021 மார்ச் 1, திங்கட்கிழமை. பினாங்கில் பாலர் பள்ளிப் பிள்ளைகளும் முதலாம், இரண்டாம் ஆண்டு மாணவர்களும் முகக்கவசம் மாட்டிக்கொண்டு பள்ளிக்குத் திரும்பினார்கள். மாநிலத்தில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அன்றும் நடப்பில்தான் இருந்தது. மார்ச் 5 அன்று அது தளர்ந்தது. மாநில எல்லை மூடியே இருந்தாலும், மாநிலத்துக்குள் ஊர் சுற்ற வழி பிறந்தது. ஆக, பினாங்குத் தீவின் பாலிக் புலாவில் ஒரே வாரத்தில் இரண்டு விதமான கதவுகள் திறந்தன. ஒன்று ஏழு வயதுப் பிள்ளையின் வகுப்பறைக் கதவு. மற்றது டுரியான் தோப்புக்கும் பழப் பண்ணைக்கும் லக்சா கடைக்கும் போகும் வழி.

கோவிட் தொற்று அப்போது ஓய்ந்திருக்கவில்லை. ஜனவரி 30-இல் நாடு முழுவதும் ஒரே நாளில் 5,728 பேருக்குத் தொற்று உறுதியானது. மார்ச் தொடக்கத்தில் அது நாளுக்கு இரண்டாயிரத்தை ஒட்டி வந்திருந்தது. தடுப்பூசி போடத் தொடங்கியதே பிப்ரவரி 24-இல்தான். அடுத்த மூன்று மாதங்களில் நடந்ததை மலேசியர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மே 29-இல் 9,020 பேர். ஜூன் 1 முதல் நாடு முழுக்க முடக்கம். பள்ளி மே மாதமே மூடிவிட்டது, இப்போது தோப்பும் மூடியது.

அப்படியானால் மார்ச்சில் திறந்ததே தப்பா? அன்று பலரும் இப்படித்தான் கேட்டார்கள். பள்ளியையும் சுற்றுலாத் தலத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி, திறப்பதா மூடுவதா என்று பேசினார்கள். தொற்று பரவும் விதத்தைப் பார்த்தால் இவை இரண்டும் ஒரே மூட்டை அல்ல. பள்ளிக்குள்ளேயும் ஒரே மாதிரி இடம் கிடையாது, சுற்றுலாவுக்குள்ளேயும் கிடையாது. எந்த இடத்துக் காற்றை, எத்தனை பேர், எவ்வளவு நேரம் பகிர்ந்துகொள்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அடுத்த பெருந்தொற்று வரும்போதாவது இந்தக் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பினாங்குத் தீவின் கிழக்குப் பக்கம் முழுக்க நகரம்: ஜோர்ஜ் டவுன், அடுக்குமாடிகள், 1972-இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை. நடுவில் மலைத்தொடர். துன் சார்டோன் சாலையின் வளைவுகளில் ஏறி இறங்கினால் மறுபக்கம் பாலிக் புலாவ், தென்மேற்கு மாவட்டத்தின் தலைமை ஊர். மலைச் சரிவெல்லாம் ஜாதிக்காய், கிராம்பு, டுரியான். கீழே கம்பங்கள், கடலை நோக்கி நெல்வயல்கள். டுரியான் பருவத்தில் மரத்தடியிலேயே மேசை போட்டுப் பழத்தைப் பிளந்து கொடுப்பார்கள். அதே மாவட்டத்தின் வடமுனையில் தெலுக் பஹாங்: என்டோபியா வண்ணத்துப்பூச்சித் தோட்டம், 1,111 மீட்டர் நீளச் சறுக்குக் குழாய் கொண்ட எஸ்கேப் பூங்கா, தேசியப் பூங்கா. பாலிக் புலாவில் ஒரு மாவட்ட மருத்துவமனை உண்டு. நோய் முற்றினால் ஜோர்ஜ் டவுன் பெரிய மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். அதற்கு மலையைக் கடந்தாக வேண்டும்.

இப்போது காற்றுக்கு வருவோம். பேசும்போதும் பாடும்போதும் சும்மா மூச்சுவிடும்போதும் நம் வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் பல அளவுத் துளிகள் வெளியேறுகின்றன. 100 மைக்ரானுக்கு மேற்பட்ட பெரிய துளிகள் சில நொடிகளில் தரையில் விழுந்துவிடும். 5 மைக்ரான் அளவுள்ளது, அசையாத காற்றில் ஓர் ஆள் உயரத்திலிருந்து விழ அரை மணி நேரம் எடுக்கும். 1 மைக்ரான் துகளுக்கு அரை நாளே போதாது. கோவிட் கிருமி இந்தச் சிறு துகள்களிலும் உயிரோடு பயணம் செய்கிறது. 2020-இல் உலகம் கை கழுவுவதிலும் மேசை துடைப்பதிலும் கவனத்தைக் கொட்டியது. 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம், கிருமி படிந்த பரப்பை ஒருமுறை தொடுவதால் தொற்றும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று சொன்னது. அப்போதும் நம் கடைவாசல்களில் கைச்சுத்திகரிப்பானும் நெற்றிக்கு நேரே நீட்டும் வெப்பமானியும் நின்றனவே தவிர, உள்ளே சன்னல் திறந்திருக்கிறதா என்று கேட்க ஆளில்லை. வெப்பமானி எதையும் பெரிதாகப் பிடிக்கவில்லை. பிடிக்கவும் முடியாது: அறிகுறி தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே ஒருவர் மற்றவருக்குத் தொற்றைக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறார், பலருக்குக் காய்ச்சலே வருவதில்லை.

மற்றவர் விட்ட மூச்சை நாம் எவ்வளவு இழுக்கிறோம் என்பதை அளக்க எளிய வழி உண்டு. வெளிக்காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு. நாம் வெளிவிடும் மூச்சில் அது 38,000 பங்குக்கு அருகில். ஓர் அறையில் 1,200 பங்கு காட்டினால், அங்கே இழுக்கும் ஐம்பது மூச்சில் ஒன்று பிறர் நுரையீரலுக்குள் போய்வந்தது என்று பொருள்.

இந்த அளவுகோலோடு பாலிக் புலாவைச் சுற்றிப் பாருங்கள். டுரியான் தோப்பில் கரியமில வாயு அளவி 420-ஐத் தாண்டி நகராது. வெளியிடத் தொற்று பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள், பதிவான தொற்றுகளில் பத்து விழுக்காட்டுக்கும் குறைவானவையே திறந்தவெளியில் நேர்ந்தவை என்றும், மூடிய இடத்தில் தொற்றும் வாய்ப்பு பதினெட்டு மடங்குக்கு மேல் என்றும் கண்டார்கள். நான்கு பக்கமும் திறந்த லக்சா கடையிலும் அளவி அதிகம் ஏறாது. அங்கே ஆபத்து எதிரெதிரே நெருங்கி உட்கார்ந்து உரக்கப் பேசுவதில் இருக்கிறது. ஆனால் அந்தத் தோப்புக்கு வந்து சேர்ந்த வேன்? பத்துப் பேர், பத்துக் கன மீட்டர் காற்று, குளிர்சாதனம் உள்காற்றையே சுழற்றும்படி வைக்கப்பட்டிருக்கிறது. கசிவே இல்லை என்று வைத்துக்கொண்டால் அரை மணி நேரத்தில் அளவி 9,000-ஐத் தொடும். இடுக்குகள் வழியே கொஞ்சம் காற்று மாறுவதால் அவ்வளவு ஏறாது என்றாலும் சில ஆயிரத்தைத் தாண்டிவிடும். சுற்றுலா என்றால் தோப்பு மட்டும் அல்ல. வேன், தங்குவிடுதியின் சன்னலில்லாச் சாப்பாட்டுக் கூடம், மின்தூக்கி எல்லாம் சேர்ந்ததுதான். விதிமுறையோ தோப்பின் வாசலில் நின்று தலை எண்ணிக்கொண்டிருந்தது.

வகுப்பறைக்கும் இதே கணக்கு. ஒன்பது மீட்டர் நீளம், ஏழரை மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரம், முப்பது பிள்ளைகள். சன்னல்களைச் சாத்திவிட்டால் ஒரு மணி நேரத்தில் அளவி 2,500-ஐத் தாண்டும். பதினேழு, பதினெட்டு மூச்சில் ஒன்று பிறர் விட்டது. அந்த அறையில் ஒருவருக்குத் தொற்று இருந்தால் என்ன ஆகும் என்பதைத் துல்லியமாகக் காட்டிய நிகழ்வு ஒன்று உண்டு. 2021 மே மாதம், கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்தில் ஒரு தொடக்கப்பள்ளி. தடுப்பூசி போடாத ஆசிரியர் ஒருவருக்கு மே 19-இல் மூக்கடைப்பும் சோர்வும். ஒவ்வாமையாக இருக்கும் என்று நினைத்து இரண்டு நாள் வேலைக்கு வந்தார். பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கும்போது மட்டும் முகக்கவசத்தைக் கழற்றினார். வகுப்பில் 24 பேர். 12 பேருக்குத் தொற்று. ஆசிரியர் மேசைக்கு அருகிலிருந்த இரண்டு வரிசைகளில் பத்தில் எட்டுப் பேர், பின்வரிசைகளில் பதினான்கில் நான்கு பேர். பிள்ளைகள் எல்லாரும் முகக்கவசம் அணிந்திருந்தார்கள், சன்னல் கதவுகள் திறந்திருந்தன, காற்று வடிகட்டியும் ஓடியது. தொற்றின் ஊற்றுக்கண்ணிலேயே கவசம் கழன்றுவிட்டதால் இத்தனையும் போதவில்லை. அந்த அறையில் எதுவுமே இல்லாதிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

முகக்கவசம் என்றதும் பினாங்குக்காரர்கள் பெருமையோடு சொல்லக்கூடிய ஒரு பெயர் உண்டு: வூ லியன் தே. 1879-இல் பினாங்கில் பிறந்து, பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் படித்து, கேம்பிரிட்ஜ் போய் மருத்துவரானவர். 1910 டிசம்பரில் மஞ்சூரியாவின் ஹார்பின் நகரில் நுரையீரல் பிளேக் பரவியபோது சீன அரசு அவரை அனுப்பியது. நோய் எலித் தெள்ளுப்பூச்சி வழியாக அல்ல, ஒருவர் மூச்சிலிருந்து மற்றவருக்குப் பரவுகிறது என்று அவர் சொன்னார். மூத்த பிரெஞ்சு மருத்துவர் ஜெரால்ட் மெஸ்னி அதை ஏற்கவில்லை; கவசம் இல்லாமல் நோயாளிகளைப் பார்க்கப் போய், அந்நோயிலேயே சில நாள்களில் இறந்தார். வூ பருத்தியும் வலைத்துணியும் அடுக்கிய கவசத்தை எல்லாருக்கும் கட்டாயமாக்கினார். ரயில் போக்குவரத்தை நிறுத்தினார், சரக்கு ரயில்பெட்டிகளையே தனிமைப்படுத்தும் அறைகளாக்கினார். 1911 மார்ச்சுக்குள் ஹார்பினில் நோய் அடங்கியது. கடைசிக் காலத்தில் பினாங்குக்கே திரும்பி 1960-இல் இங்கேயே மறைந்தார். எந்தக் கிருமி, எந்த வழியாகப் பரவுகிறது என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டு, அந்த வழியை மட்டும் அடைப்பதுதான் அவர் செய்த காரியம்.

அவர் ரயிலை நிறுத்தியதற்கும் நாம் மாநில எல்லையை மூடியதற்கும் ஒரு தொடர்பு உண்டு. பினாங்கின் கிழக்குக் கடலில், பாயான் லெப்பாஸிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரத்தில் ஜெரஜாக் தீவு இருக்கிறது. நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த நம் முன்னோர் பலரை அங்கேதான் முதலில் இறக்கி, நாள்கணக்கில் வைத்திருந்து பிறகு தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். காலரா ஐந்து நாளுக்குள் தன்னைக் காட்டிவிடும், அதனால் கப்பலிலேயே தெரிந்துவிடும். பெரியம்மை இரண்டு வாரம்கூட ஒளிந்திருக்கும், அதற்குத்தான் தீவு. தனிமைப்படுத்தும் முறை மூன்றாம் வகுப்பு மேல்தளத்தில் வந்த கூலிகள்மேல்தான் கடுமையாக விழுந்தது என்ற வருத்தம் எனக்கு உண்டு. ஆனால் அதன் பின்னிருந்த தர்க்கம் சரியானது: உள்ளூரில் நோய் இல்லாதபோது வெளியிலிருந்து வரும் ஒவ்வொருவரும் ஒரு புதிய விதை. உள்ளூரிலேயே ஆயிரக்கணக்கில் தொற்று இருக்கும்போது பத்துப் பயணிகள் கூடுதலாக வந்தால் பெரிய மாற்றமில்லை. அப்போது பரவலைத் தீர்மானிப்பது இங்கேயே நடக்கும் சங்கிலிகள்தான். ஆகவே சுற்றுலாவுக்கு எல்லையைத் திறப்பது மிக ஆபத்தாக இருப்பது, ஊரில் நோய் குறைந்து நிம்மதியாக இருக்கும் நேரத்தில். கேட்கத் தலைகீழாகத் தோன்றும். கணக்கு அப்படித்தான் சொல்கிறது.

அந்தக் கணக்கின் மையத்தில் இருப்பது ஆர் எண்: தொற்றிய ஒருவர் சராசரியாக எத்தனை பேருக்குக் கொடுக்கிறார் என்பது. சுகாதாரத் தலைமை இயக்குநராக இருந்த நோர் ஹிஷாம் அப்துல்லாவின் செய்தியாளர் கூட்டங்கள் வழியாக இந்த எண் வீட்டுப் பேச்சுக்கே வந்துவிட்டது. ஒரு சுற்றுப் பரவலுக்கு ஐந்து நாள் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு ஆறு சுற்று. ஆர் எண் 0.9 என்றால் இன்று 100 பேருக்குப் புதிதாக வரும் நோய், ஒரு மாதத்தில் 53 பேராகக் குறையும். 1.1 என்றால் 177. 1.3 என்றால் 483. ஒன்றுக்கு மேலேயும் கீழேயும் இருக்கும் சிறு வித்தியாசம் மருத்துவமனைப் படுக்கை கிடைக்குமா கிடைக்காதா என்பதைத் தீர்மானிக்கிறது.

குடும்பச் செலவைத் திட்டமிடுவது போலத்தான் இதுவும். வரவு நிலையானது: எல்லாச் செலவும் சேர்ந்து ஒன்றைத் தாண்டக்கூடாது. ஆலை கொஞ்சம் எடுக்கும், சந்தை கொஞ்சம் எடுக்கும், வழிபாட்டுத் தலம், திருமண மண்டபம், பள்ளி, கடற்கரை விடுதி ஒவ்வொன்றும் கொஞ்சம் எடுக்கும். எல்லாவற்றுக்கும் இடமில்லாதபோது எதற்கு முதலில் ஒதுக்குவது? என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: பிள்ளைகளின் பள்ளிக்குத்தான். மற்றவை மிச்சத்தில் பங்கு கேட்கட்டும்.

நடந்தது வேறு. 2020 நவம்பரில் கையுறை ஆலைத் தொழிலாளர் விடுதிகளில் வெடித்த தெராத்தாய் திரளில் மட்டும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று. 2021 முழுவதும் புதிய திரள்களில் பெரும்பங்கு பணியிடங்களிலிருந்தே வந்தது. ஜூன் 1 முழு முடக்கத்திலும் உற்பத்தி ஆலைகள் 60 விழுக்காடு ஆள்பலத்தோடு ஓடின. குறுகிய அறையில் பத்துப் பதினைந்து பேர் அடுக்குக் கட்டிலில் உறங்கும் தொழிலாளர் விடுதியைச் சீர்செய்திருந்தால் ஆர் எண் கணக்கில் எவ்வளவோ இடம் மிச்சமாகியிருக்கும். அந்த இடத்தில் பள்ளிகள் திறந்திருக்கலாம். 2021 செப்டம்பர் 16-இல் லங்காவி தடுப்பூசி போட்ட சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்தது. பள்ளிகள் அக்டோபர் 3-இலிருந்துதான், அதுவும் படிப்படியாக, வகுப்பைப் பாதியாகப் பிரித்து முறைவைத்துத் திறந்தன. தங்கும் விடுதிகளையும் படகுக்காரர்களையும் நம்பி வாழும் குடும்பங்கள் பசியில் இருந்தன என்பதை நான் மறக்கவில்லை. பாலிக் புலாவின் பண்ணைக்காரருக்கும் அதே நிலைதான். ஆனால் அவர்களுக்கு அரசு பணமாக உதவ முடியும். ஏழு வயதில் தவறிப்போன வாசிப்புப் பழக்கத்தை எந்த உதவித்தொகையாலும் திருப்பித் தர முடியாது.

இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். 2020 ஜனவரியில் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு சேர்ந்த பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் 18-இல் நாடு மூடியது. உயிரெழுத்து முடிந்து உயிர்மெய் வரிசைகள் நடந்துகொண்டிருக்கும் நேரம் அது. கொம்பு எந்தப் பக்கம், ணகரத்துக்கு எத்தனை சுழி என்பதெல்லாம் ஆசிரியை பக்கத்தில் நின்று கையைப் பிடித்து எழுதவைத்துப் பதிய வேண்டியவை. ஜூலை பிற்பகுதியில் பள்ளி திறந்து, நவம்பர் 9-இல் மறுபடி மூடியது. அடுத்த மார்ச்சில் இரண்டாம் ஆண்டாகத் திறந்து, மே மாதம் மீண்டும் மூடல். இடையில் எல்லாம் வீட்டிலிருந்து கற்றல், கைப்பேசித் திரையில். வீட்டில் ஒரே கைப்பேசி, அதுவும் அப்பா வேலை முடிந்து வந்த பிறகு. அந்தப் பிள்ளைக்கு வெளியுலகில் மலாயும் ஆங்கிலமும் எப்படியும் காதில் விழும். தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றுத்தர பள்ளியை விட்டால் வேறு இடம் கிடையாது. உலக வங்கி 2022-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் எளிய பத்தியை வாசித்துப் புரிந்துகொள்ள முடியாத பத்து வயதுப் பிள்ளைகளின் பங்கு பெருந்தொற்றுக்கு முன் 57 விழுக்காடாக இருந்து 70 விழுக்காடாக ஏறியது.

சரி, பள்ளியை மூடியதால் பிள்ளைகளாவது தொற்றிலிருந்து தப்பினார்களா? இதற்குத் தெளிவான பதில் இந்தியாவிலிருந்து வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 2021 ஜூன், ஜூலையில் நாடு தழுவி நான்காம் முறையாக இரத்தப் பரிசோதனை நடத்தியது. ஓராண்டுக்கும் மேலாகப் பெரும்பாலான தொடக்கப்பள்ளிகள் பூட்டிக் கிடந்த நாடு. அப்படியிருந்தும் 6 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் 57 விழுக்காட்டினருக்கும், 10 முதல் 17 வரையானவர்களில் 62 விழுக்காட்டினருக்கும் நோயெதிர்ப்புப் பொருள் இருந்தது. அந்த வயதினருக்குத் தடுப்பூசியே அப்போது கிடையாது. எல்லாம் தொற்றி வந்தவை. பெரியவர்கள் வேலைக்கும் சந்தைக்கும் போய் வீட்டுக்குக் கொண்டுவந்தது பிள்ளைகளுக்கும் வந்தது. மன்றத்தின் தலைமை இயக்குநர் பல்ராம் பார்கவா அந்த முடிவுகளை வெளியிட்டபோது, திறப்பதென்றால் தொடக்கப்பள்ளிகளை முதலில் திறப்பதே அறிவு என்றார். சிறு பிள்ளைகளுக்கு நோய் கடுமையாவது மிக அரிது, கிருமி ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகளும் அவர்கள் மூச்சுப்பாதையில் குறைவு என்பது அவர் சொன்ன காரணம். மலேசியாவும் 2021 மார்ச்சில் சின்னப் பிள்ளைகளைத்தான் முதலில் அழைத்தது. அது சரியான முடிவு. அக்டோபரில் தேர்வு எழுதுபவர்களுக்கு முன்னுரிமை கொடுத்து வரிசையை மாற்றிவிட்டார்கள். தேர்வு எழுதும் பதினேழு வயதுக்காரர் திரையில் ஓரளவாவது படித்துக்கொள்வார்.

பிள்ளைகளால் தொற்று பரவாது என்று நான் சொல்லவில்லை. பரவும், மரின் வகுப்பறையே சாட்சி. ஆனால் கோவிட் எல்லாரிடமிருந்தும் சமமாகப் பரவுவதில்லை. தொற்றியவர்களில் பெரும்பாலோர் யாருக்கும் கொடுப்பதில்லை. பத்து முதல் இருபது விழுக்காட்டினரே எண்பது விழுக்காடு பரவலுக்குக் காரணம் என்று பல ஆய்வுகள் மதிப்பிட்டன. அந்தச் சிலர், காற்றோட்டமில்லாத, நெருக்கமான, உரக்கப் பேசும் இடத்தில் இருக்க நேர்ந்தால்தான் பெருந்திரள் உருவாகிறது. 2020 மார்ச் 10-இல் அமெரிக்காவின் ஸ்காஜிட் பள்ளத்தாக்கில் இரண்டரை மணி நேரப் பாட்டுப் பயிற்சிக்கு வந்த 61 பேரில் 53 பேருக்கு நோய் கண்டது, இருவர் இறந்தார்கள். பள்ளியைத் திறக்கும்போது எல்லா இடத்துக்கும் ஒரே அளவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியவை சிலவே: மண்டபத்தில் ஒட்டுமொத்தக் கூட்டம், சேர்ந்து பாடுவது, நெருக்கியடித்த சிற்றுண்டிச்சாலை, சன்னல் மூடிய பள்ளி வேன், ஆசிரியர் அறை. இவற்றைச் சரிசெய்தால் வகுப்பறையை நிம்மதியாக நடத்தலாம். ஆசிரியர் அறையைத்தான் பலரும் மறந்தார்கள்; பல பள்ளிகளில் குளிர்சாதனம் உள்ள ஒரே அறை அதுதான்.

இங்கே பாலிக் புலாவின் நிலைமை என்னை உறுத்துகிறது. 2021-இல் ஒரு பக்கம் ஏக்கர் கணக்கில் நிழல் தரும் தோப்புகள், பண்ணைகள், பூங்காக்கள் பயணிகள் இல்லாமல் பூட்டிக் கிடந்தன. சில கிலோமீட்டர் தள்ளிப் பள்ளிகள் பூட்டிக் கிடந்தன. இரண்டையும் சேர்த்து யோசிக்க யாருக்கும் தோன்றவில்லை. மரத்தடிப் பள்ளி நமக்குப் புதிதல்ல. தாகூர் 1901-இல் சாந்திநிகேதன் பள்ளியை மரநிழலில்தான் தொடங்கினார். காசநோய்க் காலத்தில், 1904-இல், பெர்லினுக்கு அருகே ஷார்லட்டன்பர்க்கில் நலிந்த பிள்ளைகளுக்காகக் காட்டுக்குள் பள்ளி நடத்தினார்கள். தமிழ்நாட்டில் 2021 அக்டோபர் 27-இல் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ மாலை வேளையில் பிள்ளைகளை அவர்கள் வீட்டருகிலேயே சிறு குழுக்களாகக் கூட்டி வைத்துப் பாடம் நடத்தியது. பினாங்கிலும் வார நாள் காலையில் ஒரு பழப் பண்ணையின் கொட்டகைக்குப் பதினைந்து பிள்ளைகளையும் ஓர் ஆசிரியரையும் அனுப்பி, பண்ணைக்காரருக்கு அரசு வாடகை கொடுத்திருக்கலாம். வார இறுதியில் பயணிகள், வார நாளில் பள்ளி. மழை வரும், வெயில் வரும், கொசு கடிக்கும், ஒப்புக்கொள்கிறேன். முழுநாள் வேண்டாம், காலை மூன்று மணி நேரம் கிடைத்திருந்தால் அந்த ஏழு வயதுப் பிள்ளைக்கு உயிர்மெய் வரிசை தவறியிருக்காது.

தடுப்பூசி வந்ததும் கணக்கு மாறியது. 2021 ஆகஸ்ட் 26-இல் டெல்டா அலையின் உச்சம், ஒரே நாளில் 24,599 தொற்று. இரண்டு வாரத்துக்கு மேல் கழித்து, செப்டம்பர் 11-இல், விடுபட்டிருந்த பதிவுகளும் சேர்ந்து 592 இறப்புகள் அறிவிக்கப்பட்டன. மரணம் எப்போதும் தொற்றுக்கு இப்படிப் பின்தங்கித்தான் வரும், அதனால்தான் திறப்பதை இறப்பு எண்ணிக்கை பார்த்து முடிவு செய்யக்கூடாது. செப்டம்பர் 20 முதல் பதின்ம வயதினருக்குத் தடுப்பூசி. பெரியவர்களில் 90 விழுக்காட்டினருக்குப் போட்டு முடித்ததும் அக்டோபர் 11-இல் மாநில எல்லைகள் திறந்தன. 2022 ஜனவரி 10-இல் பினாங்குப் பள்ளிகள் ஆண்டிறுதி விடுமுறை முடிந்து திறந்தபோது ஒமிக்ரான் வாசலில் நின்றது. மார்ச் 5-இல் தொற்று 33,406 ஆக ஏறியது, அதுவரை இல்லாத உச்சம். இந்த முறை நாடு பள்ளிகளைப் பூட்டவில்லை. டெல்டாவைவிட அதிகத் தொற்று. இறப்போ அதில் ஒரு சிறு பங்கு. அலை ஏறிக்கொண்டிருந்தபோதே பள்ளிக்கூடம் நடத்த முடியும் என்பது அப்போது நிரூபணமானது. நாட்டின் எல்லை வெளிநாட்டுப் பயணிகளுக்குத் திறந்தது அதற்குப் பிறகு, ஏப்ரல் 1-இல்.

ஆனால் அடுத்த கிருமி வரும்போது முதல் ஆண்டில் தடுப்பூசி இருக்காது. அந்த ஆண்டில் கையில் இருக்கப்போவது முகக்கவசமும் காற்றோட்டமும்தான். இத்தாலியின் மார்க்கே மாநிலத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட வகுப்பறைகளை ஒப்பிட்டபோது, நல்ல இயந்திரக் காற்றோட்டம் உள்ள அறைகளில் தொற்று 80 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தது. அமெரிக்கக் குளிர்சாதனப் பொறியாளர் சங்கம் 2023-இல் வெளியிட்ட தரநிலை, தொற்றுக் காலத்தில் வகுப்பறையில் ஆளுக்கு நொடிக்கு 20 லிட்டர் சுத்தக் காற்று வேண்டும் என்கிறது. முப்பது பேருக்கு 600 லிட்டர். மேலே சொன்ன அறையின் காற்று மணிக்குப் பதினொரு தடவை மாற வேண்டும். பெரிய இயந்திரம் தேவைப்படும் போலத் தெரியும். இருபுறமும் சன்னல் வைத்துக் கட்டிய பழைய பள்ளிக் கட்டடத்தில், பக்கத்துக்கு இரண்டு சதுர மீட்டர் திறந்துவைத்து, நொடிக்கு முப்பது சென்டிமீட்டர் வேகத்தில் காற்று நுழைந்தால் அதே 600 லிட்டர் வந்துவிடும். முகத்தில் பட்டும் படாமலும் உணரக்கூடிய காற்று அது. கடற்கரையை ஒட்டிய பாலிக் புலாவில் பெரும்பாலான பிற்பகல்களில் அதைவிட அதிகம் வீசும்.

இரண்டு நேரங்களில் இது உதவாது. ஒன்று, காற்றே அசையாத காலை வேளை; அப்போது ஒரு பக்கச் சன்னலில் வெளிநோக்கி மின்விசிறி வைக்க வேண்டும். மற்றது, புகைமூட்டக் காலம். காட்டுத்தீயின் புகை வரும்போது சன்னலை மூடத்தான் வேண்டும். அந்த நாள்களுக்கு, கோர்சி, ரோசன்தால் என்ற இருவர் 2020-இல் வடிவமைத்த எளிய பெட்டி இருக்கிறது: நான்கு பக்கமும் நல்ல ரகக் காற்று வடிகட்டி, மேலே ஒரு சதுர மின்விசிறி, ஒட்ட நாடா. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளே அறிவியல் பாடத்தில் செய்துவிடுவார்கள். ஒரு பெட்டி நொடிக்கு முந்நூறு லிட்டர் அளவுக்குக் காற்றைச் சுத்தம் செய்யும். அறைக்கு இரண்டு வைத்தால் புகைக்கும் ஆயிற்று, கிருமிக்கும் ஆயிற்று. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில், வகுப்பறைக்குக் குளிர்சாதனம் பொருத்த நிதி திரட்டலாம் என்று யாராவது எழுந்து சொன்னால், சன்னல் என்ன ஆகும் என்று கேளுங்கள். கரியமில வாயு அளவி ஒன்றை வாங்கி, பிள்ளைகள் உள்ளே இருக்கும் நேரத்தில் பள்ளி முழுக்கச் சுற்றிக்கொண்டு போங்கள். 800-க்குக் கீழே காட்டும் அறைகளைக் குறித்துவைத்துக்கொண்டால், நாளைக்கே ஒரு அலை எழுந்தாலும் முதலில் திறக்க வேண்டிய அறைகள் எவை என்பதற்குப் பட்டியல் தயாராக இருக்கும்.